டபரா காபியும் டவர் டிஃபன்ஸும்: வேங்கை அண்ணனுக்கு ஒரு கேள்வி

பெரம்பூர்_பட்டாணி:
நேற்று வேங்கை அண்ணன் போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார்: "டவர் டிஃபன்ஸ் (வழியில் கோபுரமோ செடியோ நட்டு, வரும் எதிரிகளைத் தடுக்கும் வீடியோ கேம்) என்பது ஒரு கையில் காபி டம்ளரோடு ஆடுவது. மூளைக்கு வேலை ஆர்டிஎஸ்ஸில்தான் (ரியல்-டைம் ஸ்ட்ராட்டஜி: நிகழ்நேரத்தில் ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் கேம்)." அண்ணே, பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் ஆடியிருக்கிறீர்களா? அந்த டவர் டிஃபன்ஸில் சூரியன்தான் காசு; ஆரம்பத்தில் கையில் 50 சூரியன். சூரியகாந்தி நட 50, பட்டாணி நட 100. முதல் ஸாம்பி வருவதற்குள் எதை எந்த வரிசையில் நடுவது என்று கணக்குப் போட வேண்டும். விழுகிற சூரியனை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும், விட்டால் மறைந்துவிடும். காபியை எந்தக் கையால் குடிப்பீர்கள்?

வேளச்சேரி_வேங்கை:
இடது கையால்.
2009-இல் அது வந்த புதிதில் கல்லூரி லேபிலேயே 50 கட்டத்தையும் முடித்தவன் நான். மவுஸ் வலது கையில் இருக்கட்டும், இடது கை சும்மாதானே இருக்கிறது? டபராவில் ஆற்றிக்கூடக் குடிக்கலாம்.

பெரம்பூர்_பட்டாணி:
டபராவில் ஆற்ற இரண்டு கை வேண்டும். உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது.

வேளச்சேரி_வேங்கை:
ஏற்கெனவே ஆற்றிய காபி. விஷயத்துக்கு வாருங்கள்.
1999-இல் வந்த ஆர்டிஎஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. வேலை செய்யும் ஆளான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 நொடி. அவர்களை உருவாக்கும் தலைமைக் கட்டடமான டவுன் சென்டர் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் எதிராளி முந்திவிடுவான். நடுவில் காட்டுப்பன்றியை வேறு இழுத்து வர வேண்டும். ஒரு ஆளை அனுப்பி, இரண்டு அம்பு விட்டு, பன்றி துரத்தத் துரத்த டவுன் சென்டருக்கு ஓடி வரணும். வழியில் நாமே கட்டிய வீட்டில் முட்டிக்கொண்டு நின்றால் ஆள் காலி. அந்த 340 உணவுக்காக என்னை நம்பி உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டரில் பந்து வைத்த மவுஸில் பழகியவன் நான். பந்தில் அழுக்கு ஏறிவிட்டால் பன்றி ஒரு பக்கம் ஓடும், என் ஆள் ஒரு பக்கம் ஓடுவான். உங்கள் பட்டாணிச் செடி நட்ட இடத்தில் நின்று தானாகச் சுடுகிறது. அந்த நேரத்தில்தான் காபி.

மாம்பலம்_மந்திரி:
ஒரு நிமிஷம். ஆர்டிஎஸ் என்றால் என்ன, டவர் டிஃபன்ஸ் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. ஸாம்பியும் நிகழ்நேரத்தில்தானே நடந்து வருகிறது?

பெரம்பூர்_பட்டாணி:
தானாகவா? உங்கள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2019-இல் வந்த புதுப்பதிப்பான டெஃபினிடிவ் எடிஷனில் ஒரு பட்டனைத் தட்டினால் உங்கள் ஸ்கவுட் தானாக வேவு பார்க்கப் போகிறான். வயல் தன்னைத்தானே மறுபடி விதைத்துக்கொள்கிறது. ஆற்றுவதற்கு இரண்டு கையும் அங்கேதான் ஃப்ரீ.

சூளைமேடு_சுறா:
சண்டை எதற்கு? 2002-இல் வந்த ஆர்டிஎஸ்ஸான வார்கிராஃப்ட் 3-இல் ஆட்டக்காரர்களே மேப் செய்து ஆடி ஆடித்தான் டவர் டிஃபன்ஸ் இவ்வளவு பரவியது. ஆர்டிஎஸ் அப்பன், டவர் டிஃபன்ஸ் பிள்ளை.

அடையாறு_ஆந்தை:
கோட்டையைக் கட்டிக் காக்கிற ராம்பார்ட் 1990-இல் வந்தது. ஆர்டிஎஸ்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் டூன் 2 வந்தது 1992-இல். அப்பனுக்கு முன்னாடியே பிள்ளை பிறந்துவிட்டதா?

வேளச்சேரி_வேங்கை:
ராம்பார்ட்டைச் சென்னையில் ஆடிய ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். பட்டாணி, நான் ஆட்டோ ஸ்கவுட்டைத் தொட்டதே இல்லை.

சூளைமேடு_சுறா:
தொட்டதே இல்லையா? பொங்கல் லீவில் என் வீட்டில் ஆடினோமே, உங்கள் ஸ்கவுட் தேடி வந்து என் ஆடு நாலையும் ஓட்டிக்கொண்டு போனானே, அது யார் வேலை?

வேளச்சேரி_வேங்கை:
என் வேலைதான், கையால் செய்தது. பக்கத்தில் ஆள் இல்லாத ஆடு பொது ஆடு. அதுவும் நீங்கள் கேமில் உள்ள திராவிடர்கள் என்ற கடற்படை இனத்தை எடுத்துக்கொண்டு, தரை மட்டுமே உள்ள அரேபியா மேப்புக்கு வந்தீர்கள். அவர்களுக்கு நைட் என்ற குதிரைவீரனே கிடையாது. கப்பல்காரனைக் கட்டாந்தரையில் இறக்கினால் ஆடு போகத்தான் செய்யும்.

சூளைமேடு_சுறா:
2022-இல் ராஜேந்திர சோழன் கேம்பெயினோடு வந்தவர்கள் அவர்கள். நாம் எடுக்காமல் வேறு யார் எடுப்பது? தண்ணீர்தான் குறை என்றால் டிசம்பரில் உங்கள் வேளச்சேரியில் வைத்து ஆடலாம். கண்டிப்பாக நான்தான் ஜெயிப்பேன்.

வேளச்சேரி_வேங்கை:
ஏரியாவை இழுக்காதீர்கள். மழைக்குச் சூளைமேடு மட்டும் காய்ந்து கிடந்ததா? என் வண்டி இன்னும் அந்தப் பக்கத்து மெக்கானிக்கிடம்தான் நிற்கிறது. இத்தனைக்கும் அன்று என்னைத் தோற்கடிக்க டவுன் சென்டர் வாசலிலேயே டவர் டவராக நட்டது யார்? கடைசியில் நீங்களும் டவர்தான்.

பெரம்பூர்_பட்டாணி:
ஆக, டவர் வைத்தால் வேங்கை அண்ணனுக்கே வலிக்கிறது. 2011-இல் வந்த டவர் டிஃபன்ஸான கிங்டம் ரஷ்ஷையும் ஆடிப் பாருங்கள். வீரர்களை நகர்த்துவதும் தீமழை பொழிவதும் நாம்தான் செய்யணும். காபி ஆறிப்போகும்.

மாம்பலம்_மந்திரி:
அந்த வரையறை…

வேளச்சேரி_வேங்கை:
ஆறிப்போனால் ஆற்றவே வேண்டாமே! ஒரு கை போதும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பெரம்பூர்_பட்டாணி:
ஒப்புக்கொள்ளவில்லை. ஆறிப்போன காபியை எங்கள் வீட்டில் குடிக்கமாட்டோம். டபரா, இரண்டு கை.

சூளைமேடு_சுறா:
என் நாலு ஆட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேளச்சேரி_வேங்கை:
இன்று ராத்திரி 10 மணிக்குக் கேமின் லாபியில் (ஆட்டத்துக்கு ஆள் சேரும் இடத்தில்) இருப்பேன். அதே அரேபியா. சுறா, இந்தத் தடவை ஆட்டைக் கட்டிப் போடுங்கள். பட்டாணி வேடிக்கை பார்க்க வரலாம், வரும்போது காபி கொண்டு வரட்டும். ஆற்றியே கொண்டு வரட்டும்.