"வரிசைப்படுத்தல்" வேண்டாம், கோர்வையறிதல் எப்படி?

அன்பின் தம்பிக்கு,

பப்பாசிப் பால் பற்றி உயர்தர மாணவருக்கு நீர் எழுதும் குறிப்பைப் பார்த்தேன். புரதத்தின் அலகுகளான அமினோவமிலங்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று கண்டறிவதற்கு (protein sequencing) நீர் இட்ட "புரத வரிசைப்படுத்தல்" என்ற இடத்தில்தான் எனக்கு இடறியது. வரிசைப்படுத்தல் என்றால் குழம்பிக் கிடப்பதை ஒழுங்காக்குவது. அந்தப் பாலில் உள்ள நொதியமான (என்சைம்) பப்பெயினின் 212 அமினோவமிலங்களும் ஏற்கனவே ஒழுங்காகத்தான் நிற்கின்றன. அந்த ஒழுங்கை நாம் வாசித்து அறிகிறோம், அவ்வளவே.

ஆகவே கோர்வையறிதல். இரணைமடுக் குளத்து மீனை ஓலை நாரில் செவுள் வழியே கோர்த்துக் கொண்டு வருவதை நினைத்துப் பாரும்: யப்பான் (திலாப்பியா), விரால், யப்பான், கெளிறு. நார் அறுந்து எல்லாம் சட்டிக்குள் விழுந்தால் எந்த மீன் எத்தனை என்று எண்ணலாம். எதற்கு அடுத்து எது நின்றது என்று சொல்ல முடியாது. புரதத்தை அமிலத்தில் நெடுநேரம் காய்ச்சினால் நடப்பது இதுதான். இரசாயனவியலாளர் எட்மன் 1950 இல் காட்டிய வழியோ ஒரு நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. நீளக் கோர்வைக்கு அது தாக்குப்பிடிக்காது. அதனால் புரதத்தை இரண்டு மூன்று விதமாக வெட்டி, துண்டுகளின் பொதுவான பகுதிகளைப் பார்த்து இணைக்கவேண்டும். உயிர் இரசாயனவியலாளர் சாங்கர் இன்சுலினின் 51 அமினோவமிலங்களையும் துண்டு பொருத்தித்தான் கண்டுபிடித்தார்.

"கோவை" என்று சுருக்கலாமே என்று அக்கா கேட்டிருந்தா. இங்கே கோவை என்றால் ஃபைல். கோவையறிதல் என்று எழுதினால், காணிக் கோவையைத் தேடி மேசை மேசையாக அலைந்த நினைப்புத்தான் வரும்.

பப்பெயினுக்கு நீர் இட்ட "பாதுகாப்பு நொதியம்" என்பதையும் மாற்றும். வன்னியில் அந்தச் சொல்லோடு சோதனைச் சாவடியும் சேர்ந்தே வருகிறது. தற்காப்பு நொதியம் போதும். காயைக் கீறினால் பால் வடிகிறது, கையில் பட்டால் எரிகிறது. இலையைக் கடிக்கும் புழுவுக்கும் அதே கதிதான். பாலைக் கழுவிவிட்டுக் கொடுத்த இலையைப் புழுக்கள் தின்று வளர்ந்ததை 2004 இல் யப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பங்கிறைச்சி அவிய நாம் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறோமே, அங்கே வெட்டுவதும் இந்த நொதியம்தான்.

இன்னொன்று. பப்பெயினையும் அதே பாலில் உள்ள இன்னொரு நொதியமான கைமோபப்பெயினையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த இடம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும் வேலைக்குக் "கோர்வைப் பொருத்தம்" என்று எழுதி வைத்தேன். வீட்டுக்காரி வாசித்துவிட்டு, "யாருக்குச் சாதகம் பார்க்கிறீங்கள்?" என்று கேட்கிறா. வேறு சொல் இருந்தால் சொல்லும்.