தலை கனத்தாத்தான் பிரஷர் மாத்திரையா?

நாடி: "பிரஷர் ஏறினா உடம்பே சொல்லிடும். தலை கனத்தா மாத்திரை போடு, லேசா இருந்தா விட்டுடு"ன்னு மேலே செல்வம் எழுதியிருக்கார். அபாயமான பேச்சு. 160/100 இருக்கிற பலருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரை ரத்தத்துல பாதியாக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் போட்டாலே ரத்தத்துல அதோட அளவு நிலைக்க ஒரு வாரம் வேணும். தலை கனக்கிற அன்னிக்கு ஒண்ணு போட்டு என்ன பலன்?

செல்வம்: தலை கனக்கும்போது அளந்தா 160 காட்டுதே. மெஷின் பொய் சொல்லுதா?

நாடி: சொல்லலை. வலியே பிரஷரை ஏத்தும். தலை லேசா இருக்கிற நாள்ல யாரும் அளக்கறதில்லை, அன்னிக்கும் அதே 160 இருக்கலாம்.

செல்வம்: ஏறிச்சுல்ல? அதைத்தான் நானும் சொன்னேன்.

கைப்பட்டை: முதல்ல எப்படி அளந்தீங்க? முதுகு சாய்ச்சு, பாதம் தரையில பதிச்சு 5 நிமிஷம் பேசாம உட்காரணும். கையில சுத்தற பட்டை துணி மேல இல்லாம, இதய மட்டத்துல இருக்கணும். பட்டை சின்னதா இருந்தா அதிகமாக் காட்டும். மூத்திரத்தை அடக்கிட்டு அளந்தாலும் அப்படித்தான்.

செல்வம்: கிட்னி விவாதத்துலயும் நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் கூட்டு சேர்ந்து வந்தீங்க.

நாடி: அதையும் பேசுவோம். டெல்மிசார்டன்ங்கிற பிரஷர் மாத்திரை ஆரம்பிச்ச ஓரிரு வாரத்துல, கிட்னி வேலையைக் காட்டுற கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ரத்தத்துல பார்க்கச் சொல்வாங்க. அது கண்காணிப்பு. "பாரு, மாத்திரை கிட்னியைக் கெடுக்குது"ன்னு அதையே சாட்சியாக்கி நிறுத்திடறாங்க. கிட்னி ரத்தக்குழாயைக் கெடுக்கிறது அடங்காத பிரஷர்.

மருந்துக்கடை: நாடி சார், நோயாளியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கும், எனலாப்ரில்ல வறட்டு இருமல் வரும். மருந்தை மாத்தினாலே தீரும். யாரும் சொல்லித் தராததால சத்தமில்லாம நிறுத்தறாங்க. டாக்டர் கேட்டா "போடறேன்"ங்கறாங்க. அவர் மருந்து போதலைன்னு ரெண்டாவதைச் சேர்க்கிறார். அப்புறம் பயந்து ரெண்டையும் ஒரே நாள் போட்டா மயக்கம் வராம என்ன செய்யும்?

நாடி: ஒத்துக்க மாட்டேன். நிறுத்தறதுக்கு முதல் காரணம் "நல்லாத்தானே இருக்கேன்"ங்கறதுதான். குளோனிடின், அட்டெனலால் மாதிரி பிரஷர் மாத்திரையெல்லாம் திடீர்னு விட்டா பிரஷர் எகிறும். 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடும் தலைவலின்னா உடனே ஆஸ்பத்திரி.

செல்வம்: 180ல தலைவலி வரும்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க!

நாடி: 160ல வராதுன்னும் சொன்னேன். முதல் பதிவைத் திரும்பப் படிங்க.

செல்வம்: படிச்சேன். "பலருக்கு"ன்னுதான் இருக்கு. எல்லாருக்கும்னு இல்லை.