சுனாமிக்குப் பிறகு குடும்பமாகத் தப்பியவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நாகை மகள்:
2004 டிசம்பர் 26 காலையில் நடந்ததை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. கீச்சாங்குப்பத்தில் கடல் உள்வாங்கியதைப் பார்த்து அப்பா கத்தியதால் நாங்கள் ஐந்து பேரும் தப்பினோம். என்னை இன்றும் உறுத்துவது அன்றிரவு கல்யாண மண்டபத்தில் நடந்ததுதான். சோற்றுப் பொட்டலங்கள் வந்ததும் ஒன்றாக உட்காரப் போன எங்களில் தம்பியை வாசற்பக்கம் அனுப்பி, என்னைத் தூணுக்கு அப்பால் தள்ளி, "சேர்ந்து உக்காராதீங்க" என்று அம்மா காதோடு சொன்னார். எதிர்ப் பாயிலிருந்த அத்தை தம் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்தார். ஆனாலும் மூன்று பொட்டலங்களை வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

கல்முனையான்:
தங்கச்சி, கடல் உள்வாங்கும் என்று எழுதி வைத்தால், அதற்காகக் காத்திருந்து சாகிறவர்கள் உண்டு. எங்கள் கரையில் முதலில் வந்தது அலைதான். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி மேலெழுந்த பக்கம் மேற்கே இருந்தபடியால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பெரும்பாலும் அலையே முந்தி வந்தது. தாய்லாந்தில்தான் கடல் முதலில் உள்வாங்கியது. உங்கள் தகப்பனார் கண்டது முதல் அலை திரும்பிய நேரமாக இருக்கலாம். உம்மா என் தங்கையை முடியைப் பிடித்தே மாடிக்கு இழுத்தார். மறுநாளும் அந்த முடிக்கொத்து உம்மாவின் விரல்களில் சுற்றிக் கிடந்தது.

கடலூர் வாசகர்:
டிசம்பர் 30 அன்று மீண்டும் அலை வருகிறது என்ற எச்சரிக்கையைக் கேட்டு ஓடியபோது அப்பாவைத் தவறவிட்டு, மாலைவரை தேடினோம். ஆகவே கரையோரத்தில் இருப்பவர்கள், கடலுக்கு எட்டாத ஓர் இடத்தைக் குடும்பத்தோடு இன்றே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவரையொருவர் தேடிக் கரைக்குத் திரும்பாமல், அவரவர் நேராக அங்கே போய்ச் சேர வேண்டும். குடும்ப அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வையுங்கள். முதல் அலை வடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் நிலம் நடுங்கி எச்சரிக்கை வந்தபோது, நாங்கள் அனைவரும் பேசி வைத்த கோயில் திடலில் கூடிவிட்டோம்.

நாகை மகள்:
கல்முனை அண்ணா, அப்பாவிடம் கேட்டேன். தெருவுக்குள் ஒருமுறை தண்ணீர் வந்து போன பிறகே கடல் உள்வாங்கியதாகச் சொன்னார். அந்த அத்தையின் வீடு இப்போது எங்கள் தெருவில்தான் இருக்கிறது. அவர் வரும் விசேஷங்களில் அம்மா இன்னமும் எங்களை ஒரே பந்தியில் உட்கார விடுவதில்லை.