கலைச்சொல்: கொரிய வீட்டு பாய்லர் பலகையில் ‘வேச்சுல்’ பொத்தானுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கொரியாவில் தேஜோன் நகருக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் குளிர்காலத்தில் திணறுவது சுவரில் இருக்கும் பாய்லர் பலகை முன்னால்தான். பொத்தான்களின் பெயரைத் தமிழில் எழுதி ஒரு தாள் அடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அரைமணி நேர வேலை என்று நினைத்தது மூன்று நாளாக இழுக்கிறது. உங்கள் கை வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்காக: இங்கே சுவரோரம் சூடேற்றியும் கிடையாது, அனல்காற்றும் கிடையாது. தரைக்கு அடியில் சிமெண்டுக்குள் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்திருப்பார்கள். பால்கனியில் உள்ள வாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி அதில் சுற்றவிடும். அதே பாய்லர்தான் குளியலறைக்கும் வெந்நீர் தருகிறது. பழைய வீட்டில் அடுப்புப் புகை தரைக்கல்லுக்கு அடியில் ஓடிப் புகைபோக்கியில் வெளியேறும். அதன் பெயர் ஒன்டோல். புகை போய்த் தண்ணீர் வந்தாலும் பெயர் மாறவில்லை. 2018-இல் ஒன்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தார்கள்.

என் பரிந்துரைகள்:

‘நன்பாங்’ என்பதற்கு அகராதி ‘வெப்பமூட்டல்’ என்கிறது. இரும்பையும்தான் வெப்பமூட்டுகிறோம். குளிருக்கு இதமாக வீட்டை வைத்திருப்பதற்கு நம்மிடம் ‘கணப்பு’ இருக்கிறது. கணப்புச் சட்டியில் கை காய்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எனவே நன்பாங் = கணப்பு, ஒன்டோல் = தரைக்கணப்பு.

‘ஒன்சு’ = வெந்நீர். கோடையில் அழுத்தும் ‘ஒன்சு ஜோன்யோங்’ = வெந்நீர் மட்டும். வெந்நீருக்கு மட்டம், நடு, உச்சம் என்று தனி அளவு உண்டு. அதை உச்சத்தில் வைத்துவிட்டுத் தரை ஏன் சுடவில்லை என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் தரைக்கும் தொடர்பே இல்லை.

‘யேயாக்’ என்றால் நேரடிப் பொருள் முன்பதிவு. ஆனால் பல பலகைகளில் அது செய்வது, இத்தனை மணிக்கு ஒருதரம் ஓடி நில் என்பது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுகிறோமே, அதுதான். ‘முறை’ என்றே வைக்கலாம். அப்படியே போனால், ஒவ்வொரு அறைக்கும் வால்வு வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் ‘புன்பேகி’க்கு ‘மடை’.

சிக்கல் ‘வேச்சுல்’. பொருள் ‘வெளியே போதல்’. அதை நம்பி முதல் ஆண்டு தினமும் காலையில் ஆய்வகம் போகும்போது அழுத்தினேன். இரவு வந்தால் தரை பாளமாகக் குளிர்ந்திருக்கும். அந்தச் சிமெண்டு மீண்டும் சூடேற நள்ளிரவு ஆகும். பாய்லர் மூச்சுவிடாமல் ஓடும். மாதக் கட்டணச் சீட்டைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள்தான், “வேலைக்குப் போகும்போது அதைத் தொடாதே, இரண்டு மூன்று பாகை குறைத்துவிட்டுப் போ” என்றார். அந்தப் பொத்தானின் உண்மையான வேலை, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் குழாய் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆகவே ‘உறைகாப்பு’ என்கிறேன்.

அன்புடன்,
தேஜோனிலிருந்து

---

> ஆகவே ‘உறைகாப்பு’ என்கிறேன்

ஐயா, தலையணை உறை, கடித உறை, வாளுறை எல்லாம் இருக்கும் மொழியில் ‘உறைகாப்பு’ என்றால் பாய்லருக்கு மேலே போடும் துணி என்றுதான் என் அம்மா நினைப்பார். ‘பனிக்காவல்’ எப்படி?

இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கொரியர் ‘வேச்சுல்’ என்றுதான் சொல்வார். நேரடிப் பொருளை அடியோடு விட்டால் மாணவர் அவரிடம் எப்படிப் பேசுவார்?

மூன்றாவது, தமிழில் பாய்லரைக் ‘கொதிகலன்’ என்கிறோமே, தாளில் அதைக் காணோம்.

சுவோனிலிருந்து

---

> ‘பனிக்காவல்’ எப்படி?

எடுத்துக்கொண்டேன். என் சொல்லைவிட நல்ல சொல். அதன் அடியில் சிறு எழுத்தில், “காவல் காக்க மின்சாரம் வேண்டும், ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்காதே” என்றும் சேர்க்கிறேன்.

கொரிய ஒலியைப் பொத்தானின் படத்துக்குக் கீழே தருகிறேன். பேச அது போதும். பொருள் சொல்லும் இடத்தில் பொத்தான் என்ன செய்கிறதோ அதைத்தான் எழுதுவேன். மொழிபெயர்ப்பு சரியாக இருந்து ஒரு மாதக் காசு போனவன் நான்.

கொதிகலன் வேண்டாம். இந்த வீட்டுக் கலனில் எதுவும் கொதிப்பதில்லை. தரைக்குப் போகும் தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 80 பாகைக்குள். கொரியரே ‘பொயில்லோ’ என்கிறார்கள். நம் கொல்லைப்புறச் செப்புப் பாய்லரும் பாய்லர்தான். அப்படியே இருக்கட்டும்.

இதில் விட்டுப்போனது ஒன்று. பலகையில் ‘ஷில்லே’, ‘ஒன்டோல்’ என்று இரண்டு நிலைகள். முதலாவதில் 22 என்று வைத்தால் அறைக் காற்றின் சூடு. இரண்டாவதில் 55 என்று தெரிந்தால் அது குழாய்த் தண்ணீரின் சூடு. புதிதாக வந்த ஒரு தம்பி 55-ஐப் பார்த்துப் பயந்து ஜன்னலைத் திறந்துவிட்டான். இங்கே ஒன்டோலைத் ‘தரைக்கணப்பு’ என்று எழுதினால் குழப்பம்தான். ‘அறைச்சூடு’, ‘குழாய்ச்சூடு’ என்கிறேன். பலகை கதவோரக் காற்றிலோ அடுப்புப் பக்கத்திலோ இருந்தால் அறைச்சூட்டை நம்பாதீர்கள். அது தப்பாகத்தான் அளக்கும்.

---

> ‘ஒன்சு’ = வெந்நீர்

எங்கள் பக்கம் ‘சுடுதண்ணி’. தண்மையான நீர்தானே தண்ணீர், அதை எப்படிச் சுடவைப்பது என்று இங்கே யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: குறுந்தொகை 277-லேயே ‘வெப்பத் தண்ணீர்’ இருக்கிறது. அதுவும் பனிக்காலத்துக்காகச் ‘சேமச் செப்பில்’ வைத்தது. ஆனால் பொத்தானில் இடம் குறைவு என்பதால் வெந்நீருக்கே என் ஓட்டு.

எங்கள் அடுக்ககத்தில் பாய்லரே இல்லை. மின்நிலையத்தின் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுவீடாகத் தரும் ‘ஜியோக் நன்பாங்’. அதற்கான அரசு நிறுவனம் 1985-இல் தொடங்கியது. மாவட்டக் கணப்பு, வட்டாரக் கணப்பு எல்லாம் வருவாய்த்துறைபோல இருக்கிறது. ‘ஊர்க்கணப்பு’ போதும்.

அப்பா, அம்மா கொரியத்திலும் உண்டு, ஆகவே தமிழும் கொரியமும் உறவு என்ற பழைய விவாதத்துக்கு இதை யாரும் திருப்ப வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

---

> ‘ஊர்க்கணப்பு’ போதும்

சேர்த்தாயிற்று. தாள் நாளை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் பாக்கி: ‘அரென்மோக்’. பழைய வீட்டில் அடுப்புக்கு அருகில், அறையிலேயே அதிகம் சுடும் தரைப்பகுதி. தாத்தா பாட்டிக்கும் விருந்தாளிக்கும் உரிய இடம். நேரம் கழித்து வருபவருக்கான சோற்றுக் கிண்ணத்தை மூடி, போர்வைக்கு அடியில் அங்கேதான் வைப்பார்களாம். ‘வெம்மூலை’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?