"எத்தனை வருஷமா இன்சுலின் போடுறீங்க?"

எனக்கு 36 வயது. 11 வயதில் டைப் 1 சுகர் வந்தது, அன்றிலிருந்து இன்சுலின்தான். போன ஆடியில் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு. அழுத்தினால் நழுவும், ஆனால் கல்லு மாதிரி. வலியே இல்லை. வலிக்காத கட்டிதான் மோசம் என்று கேட்டே வளர்ந்தவள். அன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

மேமோகிராமில் மார்பு முழுக்க வெள்ளை, கட்டி தனியாகத் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் ஓரம் ஒழுங்கில்லாத கறுப்பு, அதற்குப் பின்னால் அடர்த்தியான நிழல். அதுவரை பேசிக்கொண்டே ஸ்கேன் பார்த்த டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மெல்லிய ஊசியில் எடுத்ததற்கு 'செல் போதவில்லை' என்று ரிப்போர்ட். அப்புறம் தடித்த ஊசியில் கோர் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போடுவதால் வலி தெரியாது, 'டக்'கென்ற அந்தச் சத்தம்தான் தூக்கிவாரிப் போடும்.

நாலாம் நாள் லேபிலிருந்து டாக்டரே போன் பண்ணினார். "உங்களுக்குச் சுகர் இருக்காம்மா? எத்தனை வருஷமா இன்சுலின் போடுறீங்க?" ஃபார்மில் யாரும் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை, மார்புக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்றிருந்தேன்.

வந்த பெயர் டயபெட்டிக் மாஸ்டோபதி, ரொம்ப வருஷமாகச் சுகர் இருப்பவர்களுக்கு மார்பில் வரும் கட்டி. நார்த்திசு தழும்பு மாதிரி இறுகி, பால் சுரப்பிகளையும் ரத்தக் குழாய்களையும் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்திருந்தனவாம். புற்றுநோய் இல்லை, அப்படி மாறுகிற வகையும் இல்லை. "எடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். எடுத்தாலும் திரும்ப வரலாம் என்று சர்ஜன் கத்தியைத் தொடவே இல்லை.

பதில்: அக்கா, நீங்க தப்பிச்சீங்க. எனக்கு எடுத்தாங்க. ஒன்றரை வருஷத்தில் தழும்புக்குப் பக்கத்திலேயே ஒன்று, அடுத்த மார்பில் ஒன்று. சுகரால் கண்ணுக்கு லேசர் வைத்ததும் அதே வருஷம்தான். இப்போ ஸ்கேன் மட்டும் பார்த்துட்டு வர்றேன்.

பதில்: என் அம்மாவுக்கு டைப் 2. இப்படி ஒரு கதையைக் கேட்டுட்டு 'சுகர் கட்டிதான்'னு அஞ்சு மாசம் சும்மா இருந்தாங்க. பயாப்ஸியில் கேன்சர். இப்போ கீமோ ஓடுது. கட்டி எதுன்னு கையால தடவிச் சொல்ல டாக்டராலேயே முடியாதுங்க.

மீண்டும் நான்: அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். எனக்கும் போன வாரம் வலது பக்கம் ஒன்று தட்டுப்பட்டது. திங்கட்கிழமை ஸ்கேன். ஃபார்மை வாங்கி மேலேயே பெரிசாக எழுதிவிட்டேன்: டைப் 1, 25 வருஷம், இன்சுலின்.