பேச்சுத்துணைக்குப் போன இடத்தில் மனதில் நின்றவர் யார்?

ஈசூன் அக்கா:
எனக்கும் 66 ஆகிறது. இங்கே சிங்கப்பூரில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வரும் பேச்சுத்துணைத் தொண்டூழியம் செய்கிறேன், நேரே விஷயத்துக்கு வருகிறேன். செம்பவாங் பக்கம் வாடகை வீடு, எண்பதைத் தாண்டியவர், தனி ஆள். கிரில் கதவுக்குப் பின்னால் நின்று, “எதுவும் வாங்குறதில்ல” என்றார்.

“விக்க வரலண்ணே, பேசத்தான் வந்தேன்.”

“என்னத்தப் பேச?”

எங்கள் அப்பா அந்தப் பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர், 1971இல் வெள்ளைக்காரன் கிளம்பியபோது நான் சின்னப் பிள்ளை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். தமிழ் வானொலி ஒலி 96.8 ஓடிக்கொண்டிருந்த ரேடியோவைச் சட்டென்று அணைத்தார். பூட்டைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வெளியே தள்ளினார். மறுபடியும் பூட்டிவிட்டார்! நான் தாழ்வாரத்தில், அவர் உள்ளே. “எந்த குவார்ட்டர்ஸ் தங்கச்சி? அப்பாவுக்கு என்ன வேலை?” என்று கேள்விமேல் கேள்வி. இன்றுவரை அதே முக்காலி, அதே பூட்டு. என்னை நம்பவில்லையா, வீட்டைக் காட்ட வெட்கமா?

பிடோக் தாத்தா:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தனியாக இருக்கும் ஆணின் வீட்டுக்குள் ஒரு பெண் போனால் எதிர்வீடு சும்மா இருக்குமா? உங்கள் மரியாதைக்காகத்தான் பூட்டுகிறார். இனிமேல் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். முதியவர்கள் கூடிப் பொழுதைக் கழிக்கும் துடிப்புடன் மூப்படையும் நிலையத்தில் சேர்த்துவிடுங்கள், 60 வயதானால் போதும். எங்கே என்று தெரியாவிட்டால் முதியோர் பராமரிப்பைக் கவனிக்கும் அமைப்பான ஏஐசிக்கு 1800 650 6060இல் அழையுங்கள். நான் அப்படித்தான் ஒருவரைச் சேர்த்தேன். இப்போது நன்றாக இருக்கிறார்.

தோ பாயோ:
சேர்த்துவிட்டால் ஆயிற்றா அண்ணே? எங்கள் புளோக் பாட்டி ஒருவர் போனார். பிங்கோ விளையாட்டில் எண்களை மாண்டரின், ஹொக்கியன் என்று சீன மொழிகளில் கூவினார்கள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மைலோவைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து காதில் தமிழில் சொல்கிறேன். ஜெயித்தால் பிஸ்கட் பாக்கெட். அதையும் என் பையில் திணித்துவிடுவார், வேண்டாம் என்றால் ஒரே கோபம்.

ஈசூன் அக்கா:
மாத்திரையைப் பற்றி யார் கேட்டது பிடோக் அண்ணே? மரியாதைக்காகத்தான் என்றால், சாப்பாடு கொண்டுவரும் பையனையும் அவர் உள்ளே விடுவதில்லையே, அது எதற்காம்?