இரண்டு அரியர், தினமும் மூன்று மணி நேரம் பஸ்: எந்த டைம் டேபிளும் நான்கு நாள் தாண்டுவதில்லை

கேள்வி (மெக் இரண்டாம் ஆண்டு)

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படிக்கிறேன், 2021 ரெகுலேஷன் (அந்த ஆண்டுப் பாடத்திட்டம்), இப்போது நான்காவது செமஸ்டர். போன செமில் எம்-3 (மூன்றாவது கணிதப் பாடம்), தெர்மோ (வெப்ப இயக்கவியல்) இரண்டும் ஃபெயிலாகி அரியராகிவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். காலை ஆறேகாலுக்கு காலேஜ் பஸ் ஏறினால் வீட்டுக்கு வர மாலை ஆறரை ஆகிவிடும், போக வர மட்டும் மூன்று மணி நேரம்.

இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை படிப்பு என்று டைம் டேபிள் எழுதி சுவரில் மூன்று முறை ஒட்டினேன். நான்காவது நாள் லேப் ரெக்கார்டு எழுதும் வேலை வந்துவிடும், இல்லையென்றால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். அதோடு சரி, அப்புறம் அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காது. படிக்காமலும் இல்லை. எம்-3 பதிமூன்று மார்க் கணக்குகளை விடையோடு நான்கு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன். ஹாலில் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் அரியர் இருக்கக் கூடாது என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் இது முடியும்?

பதில் (பழைய மெக்)

தம்பி, எத்தனை மணி நேரம் என்பதை விடுங்கள். நீங்கள் அந்தக் கணக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள், போட்டதில்லை. விடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் பழகிப்போகும், தெரிந்த மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பாடத்தை ஒரு குழு நான்கு முறை படித்தது, இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

அதனால் எம்-3இல் வரும், இரு முனையும் கட்டிய கம்பி எப்படி அதிர்கிறது என்ற கணக்கை எடுத்தால் விடையை மூடிவிடுங்கள். நான்கு நிபந்தனைகளையும் நீங்களே எழுதுங்கள். பூஜ்யம் வரும் மூன்றை முதலில் போட வேண்டும், கடைசியில் மிஞ்சும் நிபந்தனையில்தான் ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ் (ஃபோரியர் சீரிஸில் ஒரு வகை) வரும். எங்கே நிற்கிறீர்களோ அந்த இடத்தில் மட்டும் விடையைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து. ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும்.

கேள்வித்தாளையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதமும், கல்லூரியில் தரும் இன்டர்னல் மார்க்கோடு சேர்த்து 50 சதவீதமும் வேண்டும். ஒரு யூனிட்டுக்கு இரண்டு 2 மார்க், ஒரு 13 மார்க் என்றால் 17. மூன்று யூனிட் பிழையில்லாமல் வந்தால் 51. முதல் குறி அதுவாக இருக்கட்டும்.

பதில் (டே ஸ்காலர் அக்கா)

நானும் நான்கு வருடம் பஸ்ஸில் போய்வந்தவள்தான். உங்கள் டைம் டேபிளில் ரெக்கார்டு எழுத இடமே இல்லையே தம்பி, சாப்பாட்டுக்கும் இல்லை. முதலில் மூன்று நாள் எதையும் மாற்றாமல், ஏழு மணிக்கு மேல் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு அப்படி எழுதிப் பார்த்தபோது நான்கு மணி நேரமெல்லாம் இல்லை, ஒன்றேகால் மணி நேரம்தான் தேறியது. அதை வைத்துத்தான் எல்லா அரியரையும் எடுத்தேன்.

‘7 முதல் 11’ என்று எழுதாதீர்கள். ‘சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கு’ என்று எழுதுங்கள். எந்த வேலை முடிந்ததும் எந்த வேலை என்று முன்பே முடிவாகிவிட்டால், உட்காரலாமா வேண்டாமா என்று மனது பேரம் பேசாது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு கணக்கு, சனிக்கிழமை காலியாக இருக்கட்டும், விட்டுப்போனதெல்லாம் அன்றைக்கு. புதன்கிழமை தவறினால் திட்டமே போச்சு என்று தோன்றாது.

பஸ்ஸில் புத்தகம் திறக்காதீர்கள், தலை வலிக்கும். காலையில் தூங்குங்கள், அது தேவை. மாலையில் பக்கத்து சீட் நண்பனோடு 2 மார்க் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். போன் அம்மாவிடம் இருக்கட்டும். பதினொன்றுக்குப் படுத்துவிடுங்கள்.

பதில் (கற்பிக்கிறேன்)

மூன்று யூனிட் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். ஃபோரியர் சீரிஸை விட்டுவிட்டு கம்பிக் கணக்குக்குப் போக முடியாது, சீரிஸ் வந்துவிட்டால் அந்த யூனிட்டில் பாதி வேலை முடிந்த மாதிரி. எதை விடுவது என்று முடிவு செய்யும் முன் எதன் மேல் எது நிற்கிறது என்று பாருங்கள். தெர்மோவில் இது இன்னும் அதிகம், முதல் விதி பிடிபடாமல் என்ட்ரோபிக்குப் போனால் வெறும் மனப்பாடம்தான்.

தமிழ் மீடியம் என்று சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். கணக்கைப் படித்ததும் என்ன நடக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: ‘உருளைக்குள் நீராவி இருக்கிறது, அழுத்தம் மாறவில்லை, வெப்பம் உள்ளே போகிறது.’ அப்புறம் சமன்பாட்டைத் தேடுங்கள். என் வகுப்பில் பல பேருக்குத் தடையாக இருப்பது கேள்வியின் ஆங்கில வாக்கியம், தெர்மோ இல்லை. தேர்வில் ஸ்டீம் டேபிள் (நீராவியின் மதிப்புகள் உள்ள அட்டவணைப் புத்தகம்) அனுமதி உண்டு, ஆனால் ஹாலில்தான் முதல்முறை புரட்டுகிறார்கள். சொந்தமாக ஒன்று வாங்கி, தினமும் ஒரு அழுத்தத்துக்கு மதிப்புகள் எடுத்துப் பழகுங்கள், இரண்டு வரிகளுக்கு நடுவில் வரும் மதிப்பையும் சேர்த்து. விரிவுரை தேவைப்பட்டால் என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசம். பார்த்தவுடன் நிறுத்திவிட்டு ஒரு கணக்கு போடுங்கள்.

மெக் இரண்டாம் ஆண்டு

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு சாப்பிட்டதும் கம்பிக் கணக்கை மூடி வைத்து எழுதினேன். இரண்டாவது நிபந்தனையிலேயே நின்றுவிட்டேன், லாம்டா ஏன் nπ/l ஆகிறது என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. திறந்து பார்த்தேன், மறுபடி எழுதினேன், ஐம்பது நிமிடம் ஆனது. இன்று பஸ்ஸில் பேனா இல்லாமலே நண்பனுக்கு அந்த இடம் வரை சொல்லிக் காட்டினேன். சீரிஸ்தான் இன்னும் தடுமாறுகிறது, அதனால் இந்த வாரம் முழுக்க அந்த யூனிட் மட்டும். ஸ்டீம் டேபிள் பழையதாக ஒன்று சீனியரிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு எத்தனை கணக்கு முடிந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.